நாத்தனார் வைத்த புள்ளி

நாத்தனாருக்கு நின்ற மசக்கை வாந்தி கத்தரிக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை என்பது யாருக்கும் பிடிபடவில்லை. மணிக்கட்டில் மாட்டும் அதே பட்டை, அதே மூன்று விரல் கணக்கு. நாத்தனாரின் இரண்டு பிரசவத்துக்கும் அதுதான் கைகொடுத்ததாம். கத்தரியோ காலையில் அதை மாட்டிக்கொண்டு தையல்கடைக்கு வந்து, துணி அடுக்கை விரிப்பதற்குள் பின்பக்கத் தொட்டிக்கு ஓடினாள்.

கத்தரி என்பது கடையில் வைத்த பேர். துணி வெட்டுவது அவள் வேலை. பேச்சையும் அப்படித்தான் வெட்டுவாள்.

பட்டையில் மந்திரம் ஒன்றுமில்லை. கைக்கு ஒன்றாக, இழுத்தால் நீளும் எலாஸ்டிக் துணி, உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். முஷ்டியை இறுக்கினால் மணிக்கட்டின் உள்பக்கம் கயிறுபோல இரண்டு தசைநார்கள் புடைக்கும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, அந்த இரண்டுக்கும் நடுவே குமிழ் அழுத்த வேண்டும். சிலருக்குக் குமட்டல் அடங்கும். "கட்டிப் பாருங்க, கெடுதல் இல்ல. ஆனா கணுக்காலை மட்டும் யாரையும் அமுக்க விடாதீங்க, மாசமா இருக்கறப்ப ஆகாது" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார்.

நாத்தனாருக்கு இதற்கெல்லாம் நர்ஸ் எதற்கு? போனில் நாலு வீடியோ பார்த்ததிலிருந்து தெருவில் ஒருத்தர் தும்ம முடியவில்லை, வந்து காதைப் பிடித்து அமுக்கிவிடுவாள். கத்தரியின் குச்சிக் கையை இழுத்து, தன் தடித்த விரல் மூன்றையும் பதித்து, பேனாவால் புள்ளி வைத்தவளும் அவள்தான். புள்ளி மங்கினால் அதன் மேலேயே மறுபடி வைப்பாள்.

"உனக்கு நம்பிக்கை இல்லடி. அதான் கேக்க மாட்டேங்குது."

"வாந்தி என்ன அண்ணி, ஓட்டா கேக்குது? நம்பிக்கை வச்சுப் போடுறதுக்கு."

"இந்த வாய்க்குத்தான் வயிறு புரளுது. காலைக் குடு. கணுக்கால்ல ஒரு இடம் இருக்கு."

கத்தரி காலை மடக்கிக்கொண்டாள். "நர்ஸ் வேணாம்னுட்டாங்க."

"நர்ஸு ரெண்டு பெத்தாளா?"

கத்தரி எழுந்து வேலைக்குப் போனாள்.

அங்கே முதலாளி காத்திருந்தார். பள்ளிச் சீருடை ஆர்டர் மலைபோலக் கிடந்தது. "இங்க பாரும்மா, நீ ஒவ்வொரு தடவை ஓடும்போதும் நாலு மிஷின் சும்மா நிக்குது. இன்னிக்கும் ஓடுனா, வெட்டுற மேஜையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காத."

போன மேஜை திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை பெற்று வந்தால் நூல் பிசிறு வெட்ட உட்கார்த்திவைப்பார்கள். சாக்பீஸை எடுத்தாள்.

பக்கத்தில் காஜா போடுகிறவர், முடிந்த சட்டை ஒன்றில் பட்டன் துளைகளுக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். கையகலச் சட்டை. அவரோ ஒவ்வொரு குறிக்கும் நடுவே நாலு விரலை வைத்து நகர்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"நாலு விரல் இடைவெளி. எப்பவும் வைக்கிறதுதான்."

"எப்பவும் பெரியாளு சட்டைக்கு வைப்பீங்க. இதைப் போடப்போறது ஒண்ணாங்கிளாஸ் புள்ள. உங்க விரல் ஒண்ணொண்ணும் உலக்கை. இதுல ரெண்டு பட்டன்தான் நிக்கும், தொப்புள் காத்து வாங்கும். போடுறவன் அளவு எது, உங்க கை அளவு எது?"

சொன்னவள் அப்படியே நின்றாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். புள்ளி, முழங்கையைப் பார்த்துப் பயணம் கிளம்பியதுபோல எங்கேயோ மேலே இருந்தது.

பட்டையைக் கழற்றினாள். மறுகையின் மூன்று விரலை மடிப்பை ஒட்டிச் சேர்த்து வைத்தாள். அவள் விரல்கள் முடிந்த இடம், நாத்தனாரின் புள்ளிக்கு ஒரு கட்டைவிரல் அகலம் கீழே இருந்தது. இத்தனை நாளும் குமிழ் சும்மா சதையைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. எச்சில் தொட்டுப் புள்ளியை அழித்தாள். ஊரெல்லாம் வைத்தியம் பார்ப்பவளுக்கு அளவு எடுக்கத் தெரியவில்லை. நல்லவேளை, தையல் கற்றுக்கொள்ளவில்லை.

முஷ்டியை இறுக்கி, தசைநார்கள் இரண்டுக்கும் நடுவே குமிழை வைத்து, பட்டையை மாட்டினாள். மறுகைக்கும் அப்படியே. குமட்டல் இரண்டு முறை எட்டிப் பார்த்தது. தொண்டை வரை வரவில்லை. மதியத்துக்குள் அடுக்கு முழுவதும் வெட்டி முடிந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு அடுத்த அடுக்கையும் அவள் மேஜையிலேயே இறக்கச் சொன்னார்.

சாயங்காலம் நாத்தனார் பேனாவோடு வந்தாள். கத்தரி கையை நீட்டவில்லை.

"பேனா வேணாம் அண்ணி. மூணு விரல்னா, பட்டை கட்டுறவளோட மூணு விரல்."