பன்னு நார்மல், கழுகு பார்டர்

துறைமுகத்தில் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளை இறக்கும் ராட்சத கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளை அசைத்தபடி நாள் முழுக்கக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. ஆள் ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். கல்யாணமான புதிதில் தைத்த சட்டைகள் இன்றைக்கும் அவளுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தன. அதைப் பேச்சுவாக்கில் நாலு பேர் காதில் போட்டுவைப்பதில் அவளுக்கு ஒரு தனி சுகம்.

கணவர் அதற்கு நேர்மாறு. சொந்தமாகச் சின்ன பேக்கரி வைத்திருந்தார். தெருவில் அவருக்குப் பன்னு என்று பேர். வாசலில் முதலில் தொப்பை நுழையும், பின்னாலேயே அவர் வருவார். வெந்த ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போடுவது, கேக்கின் கிரீமை விரலால் வழித்து ருசி பார்ப்பது எல்லாம் தொழில் தர்மம் என்பார். அவளுடைய அக்கா வரும்போதெல்லாம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்படியே போனா சர்க்கரையும் கொழுப்பும் கைகோத்துக்கிட்டு வரும், சொல்லிட்டேன்" என்று எச்சரிப்பாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு பிஸ்கட்டை எடுப்பார்.

அதனால்தான் துறைமுகத்தில் மருத்துவ முகாம் வைத்து, குடும்பத்தாரையும் கூட்டி வரலாம் என்றதும் அவள் அவரைத் தரதரவென்று இழுத்துப் போனாள். டாக்டர் வாயால் நாலு வார்த்தை கேட்டால்தான் மனுஷனுக்கு உறைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். தனக்கும் ரத்தம் எடுத்தது பேருக்குத்தான்.

மறுவாரம் இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா நரைத்த தலையும் மெதுவான பேச்சுமாக இருந்தார். முதலில் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்களுக்கு எல்லாம் நார்மல். எடையக் கொஞ்சம் குறைங்க, முட்டி உங்களுக்கு நன்றி சொல்லும்." பிறகு அவளைப் பார்த்தார். "உங்ககிட்டதான் கொஞ்சம் பேசணும்மா. கெட்ட கொழுப்பு நிறையவே இருக்கு. சர்க்கரை பார்டர்ல நிக்குது. இன்னும் நோய்னு சொல்ல முடியாது. ஆனா இப்படியே விட்டா வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்."

அவள் சிரித்துவிட்டாள். "டாக்டர், பேப்பர் மாறிப்போச்சு. அது அவரோடது."

கணவரும் அவசரமாகத் தலையாட்டினார். "ஆமாங்க. அது நானாத்தான் இருக்கும்."

டாக்டரம்மா பெயரையும் வயதையும் சரிபார்த்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள் என்றார். அவள் வேறொரு பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். ஊசி குத்தியதிலிருந்து குப்பியில் சீட்டு ஒட்டும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ரத்தம் எடுத்த பெண், "ஏங்க, உங்க ரத்தத்த வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?" என்று சலித்துக்கொண்டாள். முடிவு மாறவில்லை. கூடப் போன கணவருக்கு இந்த முறையும் எல்லாம் நார்மல்.

வீட்டில் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடினார். சாப்பிடும்போது அவளுக்குத் தெரியாமல் மென்றார். பெருமூச்சு விட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கீங்கன்னா நல்லா இருங்க. இழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு? கொழுப்பு என்கிட்ட வரலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"உங்ககிட்ட இல்லாத கொழுப்பா!" என்று சொல்லிவிட்டு, தட்டைத் தள்ளி எழுந்து போனாள். ஆனால் கோபம் யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இத்தனை வருஷமாக எண்ணெயைத் துளித் துளியாக ஊற்றியவள் அவள். டீயில் கூடச் சர்க்கரை போடாதவள். பசி எடுத்தாலும் பொறுத்துக்கொள்கிறவள். இந்த மனுஷனோ தின்று தீர்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார். உடம்பு என்ற ஒன்றுக்குக் கண் இருக்கிறதா, இல்லையா?

செய்தி பரவியதும் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். அக்கா ஓடி வந்து, சோற்றைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்றாள். பக்கத்து கிரேன்காரர், முட்டைதான் எமன் என்றார். கேன்டீன் அம்மாளோ, முட்டையை விட்டால் தெம்புக்கு எங்கே போவாய், பழத்தை விடு என்றாள். கைப்பேசியில் ஒருவர் நெய்யைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொன்னார். அடுத்தவர் அதே நெய்யை விஷம் என்றார். அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது என்று தெரியாமல், குளிர் முகத்தில் அடிக்க நின்றுகொண்டிருப்பாள். எடுக்கும் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் தடை போட்டிருந்தார். கடைசியில் வம்பே வேண்டாம் என்று வெள்ளரிக்காயும் கறுப்புக் காப்பியுமாக நாளை ஓட்டத் தொடங்கினாள்.

வெயில் கண்ணாடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். பெட்டி ஒன்று கப்பலைத் தாண்டி, கரைக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தரை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கீழே நின்ற லாரி இரண்டாகத் தெரிந்தது. இமையைக் கொட்டினாள். ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்தது. கை சில்லிட்டது.

"தங்கச்சி, என்ன ஆட்டம் ஆடுது பெட்டி?" என்று ஒலிபெருக்கியில் கேட்டது, கீழே நின்று வழிகாட்டும் சிக்னல்காரர் குரல். அவளோடு வெகுகாலமாக வேலை செய்கிறவர்.

"அண்ணே, கண்ணு இருட்டுது. எல்லாரையும் தள்ளிப்போகச் சொல்லுங்க."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கீழே விசில் சத்தமும் ஓட்டமும் கேட்டன. "காலியாயிடுச்சு. நேரா கீழ விடு. நான் சொல்றேன், நீ விடு. இன்னும். இன்னும். மெதுவா... அவ்வளவுதான். தரை தொட்டுடுச்சு. பிரேக்கப் போடு."

போட்டாள். அதற்குப் பிறகு அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"நாற்காலியச் சாச்சுக்க. ஆளு மேல வந்துட்டு இருக்கு. நான் பேசிட்டே இருப்பேன், நீ உம் மட்டும் கொட்டு. எங்க வீட்டுல நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா? மாமியார் பல் செட்டை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"உம்."

"துரத்திப் பிடிச்சுப் பார்த்தா, நாய்க்கு மாமியார விட நல்லாப் பொருந்துது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லிஃப்டில் ஏறி வந்தவர்கள் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள். அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். கழிவறை கீழே இருக்கிறது, ஒரு தடவை இறங்கி ஏறினால் கப்பல் வேலை நின்றுவிடும்.

"மயக்கம் சர்க்கரையால வரல. பட்டினியாலயும் தாகத்தாலயும் வந்துச்சு" என்றார் டாக்டரம்மா. "சரி, வீட்டுல யாருக்காவது இதயக் கோளாறு?"

"அப்பாவுக்கு. சின்ன வயசுலயே மாரடைப்புல போயிட்டாரு. ஆனா அவரும் என்னை மாதிரி ஒல்லிதான், டாக்டர்."

"ஒல்லின்னா ஆரோக்கியம்னு யாரும் முத்திரை குத்திக் கொடுக்கலம்மா. நாள் பூரா அசையாம உட்காருறீங்க. ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுது. வேளைக்குச் சாப்பாடு கிடையாது. அப்பா வழியா வந்ததும் இருக்கலாம்."

"அப்ப இவரு மட்டும் எப்படி?" என்று வாசலில் மாவுக் கையோடு ஓடிவந்து நின்ற கணவரைக் காட்டினாள்.

"அவரு நாள் பூரா நின்னு மாவு பிசையறாரு, மூட்டை தூக்குறாரு. அது உதவியிருக்கலாம். ஆனா அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். அவருக்கும் நாளைக்கு என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப நான் என்னதான் தப்பு பண்ணேன்?"

"நீங்க குற்றவாளிக் கூண்டுல நிக்கலம்மா" என்றார் டாக்டரம்மா. "வேளைக்குச் சாப்பிடுங்க. காய், பருப்பு அதிகமா, சோறு அளவா. நடங்க, தூங்குங்க. சில மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இதைவிடக் கஷ்டமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள்.

உடம்பு தேறும் வரை கிரேன் ஏறக் கூடாது என்று அவளைத் தரை வேலைக்கு மாற்றினார்கள். பெட்டிகளின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு வெயிலில் நடக்கும் வேலை. மேலிருந்து தீப்பெட்டிகளாகத் தெரிந்தவை பக்கத்தில் வீடுகளாக நின்றன. முதல் வாரம் கெண்டைக்கால் கெஞ்சியது.

விடுமுறை நாளில் அவள் பேக்கரிக்குப் போனாள். அவர் விடியுமுன் கிளம்பிவிடுவதால், வேலை செய்யும் நேரத்தில் அவள் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் சட்டையில்லாமல், கழுத்தில் துண்டோடு, மாவை அடித்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுப்பின் அனலில் முதுகு பளபளத்தது. மூட்டையைத் தோளில் ஏற்றி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கொண்டுவந்தார். தொப்பை எங்கேயும் குறுக்கே வரவில்லை.

"நகருங்க, நான் பிசையறேன்."

"உன்னால முடியாது."

"இரும்புப் பெட்டியத் தூக்குறவ நான்."

"அதைக் கிரேன்தானே தூக்குது?"

முறைத்துக்கொண்டே மாவில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்திலேயே தோள்பட்டை கழன்று விழும் போலிருந்தது. கையை மாவிலேயே விட்டுவிட்டு நின்றாள். "இதைத்தான் தினமும் செய்யறீங்களா?"

"பின்ன, பன்னு தானா உப்பி வருதா?"

அவள் துண்டை எடுத்து அவர் முதுகைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலங்களில் இருவரும் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை அவரே கட்டிக் கொடுத்தார். மீதம் வந்தால் கோபித்துக்கொண்டார். சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தபோது சர்க்கரை எல்லையிலிருந்து கீழே இறங்கியிருந்தது. கொழுப்பு மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசைய மனமில்லாமல் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. இது அப்பா வழிச் சொத்து, மாத்திரை இல்லாமல் அடங்காது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அப்படியே கணவருக்கும் கருவியைக் கையில் கட்டிப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். "என்னது இது, உப்பு சப்பில்லாம சாப்பிடற எனக்குக் கொழுப்பு, நடக்க ஆரம்பிச்ச உங்களுக்கு அழுத்தம்?" என்றாள். "எனக்கு ஒண்ணுமே புரியல."

"எனக்கும்தான்" என்றார் அவர். ஆனால் முகத்தில் என்னவோ ஒரு நிம்மதி. "ஒண்ணு மட்டும் சொல்லட்டா? திட்டாத. உனக்கு மட்டும் ஏதோன்னு இருந்தப்போ எனக்குச் சாப்பாடே இறங்கல."

"அதான் தெரியுதே தொப்பைல" என்றாள். சொல்லும்போதே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து நின்று, இவர்கள் ஏறுகிற மாதிரி தெரியாததால் போய்விட்டது.

அடுத்த வாரம் அவள் மறுபடி கிரேன் ஏறினாள். நடுவில் இறங்கி நடக்க நேரம் கொடுத்தால்தான் ஏறுவேன் என்று மேலதிகாரியிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். பத்தரை மணிக்கெல்லாம் கைப்பிடியை விட்டுவிட்டுக் கீழே வந்து, நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அக்காவிடமிருந்து போன் வந்தது. பருப்பில் ஏதோ ஆபத்து இருப்பதாக யாரோ சொன்னார்களாம்.

"இருக்கும்க்கா" என்றாள் அவள், மென்றுகொண்டே. "அப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கலாமாம். நாளைக்கு லீவு போட்டு வர்றேன், காலைல சாப்பிடாம இரு. ரத்தம் எடுக்கப் போறோம்."