ஐந்தாவது சீட்டு

"அமுக்குடா, அமுக்கு. நாலு பேருக்கும் ஒரே நாள்ல இடம் இருக்கு. எவனாவது தட்டிட்டுப் போயிடப் போறான்."

அக்கா சொல்லி முடிப்பதற்குள் தம்பி அமுக்கிவிட்டான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, யோசித்தது, நின்றது. போர்ச்சுகல் விசாவுக்கான நேர்காணலில் நான்கு இடங்கள் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டுவிட்டன, ஆனால் இருபது நிமிடங்களுக்கு மட்டும். அதற்குள் உறுதி செய்யாவிட்டால் கை நழுவிவிடும். மூன்று வாரமாக இவன் காலையும் மாலையும் துழாவியும் நான்கு இடங்கள் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டதே இல்லை. திரையின் வலது மூலையில் சிவப்பு எண்கள் இறங்கத் தொடங்கின. 19:58. 19:57.

"போர்ச்சுகல் ரெண்டு ஓட்டு, இத்தாலி ஒண்ணு, நார்வே ஒண்ணு. ஜனநாயகம் வாழ்க" என்று மேஜையைத் தட்டினான் தம்பி.

ஓட்டுச் சீட்டுகள் போட்டிருந்த பிஸ்கட் டப்பாவை மூடப் போன அக்கா, பழக்கதோஷத்தில் ஒருமுறை கவிழ்த்துத் தட்டினாள். அடியில் கிடந்த அட்டை வட்டம் பெயர்ந்து விழுந்தது. அதோடு கூட மடித்த சீட்டு ஒன்றும் விழுந்தது.

"இருடா. இன்னொண்ணு இருக்கு."

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஐந்தாவது சீட்டு. அவள் பிரித்தாள், படித்தாள். சத்தமாகப் படிக்காமல் அம்மாவிடம் நீட்டினாள்.

'எங்கேயும் வேண்டாம்.'

அந்த வீட்டில் எதற்கும் ஓட்டுதான். சுவருக்கு என்ன வர்ணம் என்பது முதல் பூனை வளர்க்கலாமா என்பது வரை எல்லாம் அந்த டப்பாவுக்குள் போய்த்தான் வெளியே வரும். ரகசிய ஓட்டு என்று பெயர். ஆனால் அம்மாவுக்கு வங்கியில் கையெழுத்து சரிபார்க்கும் வேலை. பத்தொன்பது வருடமாக, ஒரு நாளைக்கு முந்நூறு கையெழுத்து. மகன் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்த அன்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்தவள். அப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டில் ரகசியமாவது, ஓட்டாவது. அதனால் ஒரு சட்டம் வந்தது: எல்லோரும் இடது கையால் எழுத வேண்டும். பிறவியிலேயே இடது கைக்காரியான பெரியவள், அக்கா மட்டும் வலது கையால். வங்கியில் வீணாகும் படிவங்களின் பின்பக்கம்தான் சீட்டு.

பயணத்துக்கு மட்டும் இன்னொரு சட்டமும் உண்டு. அதைப் போட்டவர் அப்பா. ஒருத்தர் வேண்டாம் என்றாலும் யாரும் போவதில்லை. காரணம் கேட்கக் கூடாது.

"செல்லாது. நாலு பேர், அஞ்சு ஓட்டு. இது கள்ள ஓட்டு" என்றான் தம்பி. பதினான்கு வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவனுக்கு வக்கீல் என்றே பெயர்.

"சட்டம்னா சட்டம்தான்டா. யாரோ வேண்டாம்னு எழுதியிருக்காங்க" என்றாள் பெரியவள். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. இந்தக் கோடைக்குப் பிறகு வேறு ஊர், விடுதி, கல்லூரி. நான்கு பேரும் ஒரு கூரையின் கீழே இருக்கப்போகும் கடைசி விடுமுறை இது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, மூன்று வாரமாக அந்த வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பயணம் போனால் போகட்டும். அவளை உறுத்தியது வேறு. அந்த இரண்டு சொற்களை யாருக்கும் தெரியாமல் எழுதி மடிக்க ஒரு ஆளுக்கு நெஞ்சில் எவ்வளவு பாரம் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது அவள் யாரிடமும் சொல்லாத கதை. இந்த மூவரில் ஒருவர் அப்படி ஒரு பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாரென்றால், அது யார் என்று தெரியாமல் எந்த நாட்டுக்கும் அவளால் விமானம் ஏற முடியாது.

16:40.

வேலையைத் தொடங்கினாள். மற்ற நான்கு சீட்டுகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஒரு போர்ச்சுகலில் பேனா அழுத்திய அழுத்தத்தில் தாள் பொத்தலாகியிருந்தது: வக்கீல். கால்பந்துக்காக எழுதியிருப்பான். இன்னொரு போர்ச்சுகலில் ஒவ்வொரு எழுத்தும் கீழிருந்து மேலே ஏறியது: கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எழுத்தைக்கூட மேலே ஏற்றித்தான் பழக்கம். லிஸ்பன் நகரத்தில் ஒரு தெருவிலிருந்து மேலே இருக்கும் இன்னொரு தெருவுக்கு ஆட்களை ஏற்றிவிடும் பழைய இரும்பு லிஃப்ட் ஒன்று உண்டாம். அதன் படம் இரண்டு வருடமாக அவர் போனின் முகப்பில் இருக்கிறது. நார்வே பெரியவளுடையது. இத்தாலி இவளுடையதேதான். எல்லா வருடமும் இவள் இத்தாலிதான் எழுதுவாள்.

ஆக, நான்கு பேரும் ஓட்டுப் போட்டாகிவிட்டது. ஐந்தாவதன் எழுத்து மூவரின் எழுத்தோடும் ஒட்டவில்லை. அழுத்தமே இல்லை. தாளுக்கு வலிக்குமோ என்று பயந்து எழுதியது மாதிரி. யாரோ மாற்றி எழுத ரொம்பச் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

"நீ கொஞ்சம் உள்ள வா" என்று பெரியவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நான் இல்லம்மா."

"இன்னும் கேட்கவே இல்லையேடி."

"முகத்துலயே கேட்டுட்ட. வரமாட்டேன்னா நேரா வாயால சொல்லிடுவேன். உனக்கா பயப்படறேன்?"

"ஃப்ரெண்ட்ஸோட எங்கயாவது போகணும்னு..."

"அதுக்கு வாழ்க்கை பூரா இருக்கு" என்றாள் பெரியவள். பிறகு படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் ஏன் நார்வே எழுதினேன் தெரியுமா? அங்க கோடையில ராத்திரியே வராதாம். பத்து நாள் லீவுன்னா பத்து நாளும் முழுசாக் கிடைக்கும்."

அதற்கு மேல் அவளிடம் என்ன விசாரிப்பது? அம்மா அவள் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டு வெளியே வந்தாள். 11:15.

வக்கீலை விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. "நான் எழுதியிருந்தா ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதியிருப்பேன். ரெண்டு வார்த்தையோடயா விடுவேன்?" என்றான். நியாயம்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினான். "அங்க கேளும்மா. ஊரையே மேலே ஏத்துவார், நம்மளை மட்டும் பாதியில நிறுத்திடுவார்."

இரண்டு வருடத்துப் பழைய வழக்கு அது. அப்போதும் இதே டப்பா, இதே ஓட்டு. அந்த முறை சீட்டை எண்ணியவர் அப்பா. போர்ச்சுகல் என்றுதான் முடிவானது. பெட்டிகூட வாங்கியாயிற்று. நான்கே நாளில், லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று வந்து நின்றார். பெரியவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. வக்கீல் இன்றுவரை தீர்ப்பை மாற்றவில்லை. அப்பா எதைச் சொன்னாலும், "லிஃப்ட் நடுவுல நிக்காம இருந்தா சரி" என்பான். அவரும் சிரித்துக்கொள்வார். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

கணவர் குழாயடியில் ஒரே தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"இந்தத் தடவையும் லீவு இல்லையா? இருந்தா வாயால சொல்லக் கூடாதாங்க? பிள்ளைங்க என்ன உங்களைக் கடிச்சா தின்னுடும்?"

"லீவெல்லாம் வாங்கியாச்சு. பையில லெட்டர் இருக்கு, பாரு."

"அப்ப உடம்புக்கு ஏதாவதா? என்கிட்ட மறைக்கறீங்களா?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்புறம் ஏன் முகத்தைக் காட்ட மாட்டேங்கறீங்க?"

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையை நீட்டினார். "அந்தச் சீட்டை இப்படிக் குடு. கிழிச்சுப் போட்டுட்டு ஆகிற வேலையைப் பார்க்கலாம்."

பத்தொன்பது வருட வேலையில் அவள் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு தாளைப் பார்த்ததும் கிழிக்கச் சொல்கிறவருக்கு அந்தத் தாளின் ஜாதகம் தெரியும். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் சீட்டு புரண்டது. இத்தனை நேரம் எழுத்தையே முறைத்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் முதல் தடவையாக அதன் முதுகைப் பார்த்தாள்.

வெளிர் நீலக் கோடுகள். மூலையில் வங்கியின் பழைய முத்திரை.

வங்கி அந்த நீலப் படிவத்தை நிறுத்தி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போதெல்லாம் வெள்ளைதான். மடிப்பும் இன்று மடித்தது இல்லை. பழுப்பேறி, நூலாக நைந்திருந்தது.

அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே மேஜையில், இடது கையால் அவள் இரண்டு சீட்டு எழுதினாள். முதல் சீட்டை எழுதி மடித்த பிறகு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் ஒரு வருடமாகக் கனவு கண்டதைக் கெடுக்க நான் யார் என்று தோன்றிற்று. இரண்டாவதில் இத்தாலி என்று எழுதினாள். ஒன்றைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிரித்துப் பார்க்காமல் கிழித்தாள். ஆயிரமாயிரம் பேர் கையெழுத்தைச் சரிபார்த்தவள், தன் கையில் இருந்த இரண்டு சீட்டில் எது எது என்று சரிபார்க்கவில்லை. அன்று கணவர், "போர்ச்சுகல் மூணு, இத்தாலி ஒண்ணு" என்று அறிவித்ததும், சரியானதைத்தான் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டவள்.

"இத்தாலின்னு ஒரு சீட்டே அன்னிக்கு இல்ல" என்றாள்.

"நீ எப்பவும் இத்தாலிதானே எழுதுவ. அதான் அப்படியே சொல்லிட்டேன்."

"லீவு?"

"நான் கேட்கவே இல்ல." அவர் துண்டில் கையைத் துடைத்தார். "ஒருத்தர் வேண்டாம்னா யாரும் போறதில்ல. காரணம் கேட்கக் கூடாது. நான்தானே சட்டம் போட்டேன்."

"அம்மா, நாலு நிமிஷம்தான் இருக்கு" என்று கூடத்திலிருந்து வக்கீல் குரல் கொடுத்தான்.

அவள் கூடத்துக்குப் போனாள். சீட்டை மேஜையில், முதுகு தெரிய வைத்தாள்.

"இது என் சீட்டு. பழசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது."

பிள்ளைகள் சீட்டைப் பார்த்தார்கள். பெரியவள்தான் முதலில் தலை நிமிர்ந்தாள். "அப்ப அப்பாவுக்கு லீவு கிடைக்கலைன்னு..."

வக்கீல் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அந்த வாய் வாதம் இல்லாமல் மூடியதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. அவன் சமையலறை வாசலைப் பார்த்தான். அப்பா அங்கே துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"உனக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

1:52.

"அமுக்குடா" என்றாள் அம்மா. "போர்ச்சுகல். இந்தத் தடவை எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல."

அவன் அமுக்கினான். வட்டம் சுற்றியது, நின்றது. சிவப்பு எண்கள் மறைந்து பச்சையாக ஒரு வரி வந்தது. பெரியவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பிரின்ட் எடுக்க அறைக்குள் போனாள். வக்கீல் அப்பாவைக் கடந்து போகும்போது, ஒன்றும் சொல்லாமல் தோளால் அவரை ஒரு இடி இடித்துவிட்டுப் போனான். அவனிடம் அதுதான் மன்னிப்பு மனு.

கூடத்தில் இருவர் மட்டும். கணவர் அட்டை வட்டத்தை எடுத்து டப்பாவுக்குள் பொருத்திக்கொண்டிருந்தார்.

"அப்பவே கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"கழட்டின பாகத்தை லிஃப்ட் மறுபடி ஓடுற வரைக்கும் தூக்கிப் போடக் கூடாது. தொழில் பழக்கம். இங்க அடியில வெச்சேன், அப்படியே மறந்துட்டேன்."

"என் எழுத்துன்னு எப்படித் தெரிஞ்சுது? எனக்கே தெரியல."

"என்னோடது இல்ல. பிள்ளைங்களோடதும் இல்ல. மிச்சம் யாரு?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றிற்று.

"அந்த மாசம் நான் ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திட்டிருந்தேன். மார்ல ஒரு கட்டி. மூணு வாரம் கழிச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அதுக்குள்ள பயணமே நின்னுபோச்சு. அப்புறம் எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு..."

"தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள்.

"அந்த ஸ்கேன் சென்டர் லிஃப்ட் என் லிஸ்ட்லதான் இருக்கு" என்றார் அவர், டப்பாவைப் பார்த்தபடியே. "ஓட்டுப் போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. நான் லிஃப்ட் குழிக்குள்ள நிக்கறேன். கண்ணு நேரா தரைமட்டத்துக்கு இருக்கு. வாசல்ல போர்டு வெச்சிருக்கேன், 'வேலை நடக்கிறது'ன்னு. போர்டுக்கு அடியில ரெண்டு காலு வந்து நின்னுச்சு. இடது செருப்பு வார்ல நீல நூலு. நான் தெச்சுக் குடுத்த நூலு."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீ சொல்லாம வந்திருந்த." அட்டை வட்டத்தை விரலால் அழுத்திவிட்டார். "லிஃப்ட்ல வேலை நடக்குதுன்னு எழுதியிருக்கு, அப்பவும் நீ போகல. ஒரு காலை முன்னாடி வெச்ச, பின்னாடி இழுத்துக்கிட்ட. அப்புறம் படியில ஏறிப் போயிட்ட. குழிக்குள்ள இருந்தா சத்தம் நல்லாக் கேட்கும். எண்ணிக்கிட்டே இருந்தேன், மூணாவது மாடியில நின்னுச்சு. அங்க என்ன இருக்குன்னு லிஃப்ட்காரனுக்குத் தெரியாதா?"

உள்ளே பிரின்டர் முனகிக்கொண்டு தாளைத் தள்ளத் தொடங்கியது.

"அன்னிக்கு அங்க பத்து நிமிஷ வேலைதான். போர்டை எடுக்கல நான், குழியிலேயே நின்னேன். வாட்ச்மேன் வந்து வந்து திட்டிட்டுப் போனான். ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான், அந்த நீல நூலு படியில இறங்கி வந்துச்சு."