மைக்கக்கா சொல்லாதது

வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி ஒன்றை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் மைக்கக்கா தன் குரலைக் கேட்டாள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. பல வருடங்களாக ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் குரல்தான். "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று அது வழக்கம்போல் தொடங்கியது. "இன்று வெப்பம் வழக்கமான அளவில் உள்ளது. வெளி வேலைகளைத் தொடரலாம். போதிய தண்ணீர் அருந்துங்கள்." கண்ணாடிக்காகக் காத்திருந்த பெரியவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "வாயத் தொறக்காமயே பேசறியேம்மா" என்று சிரித்தார். கல்லாவில் இருந்த முதலாளியும் சேர்ந்து சிரித்தார். மைக்கக்காவின் கை துணியோடு அப்படியே நின்றுவிட்டது. அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்நாளில் சொன்னதே இல்லை.

ஒரு காலத்தில் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, யாருடைய குழந்தை எந்தக் கடை வாசலில் அழுகிறது என்றெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெப்ப எச்சரிக்கைக்கு என்று அரசாங்கம் தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டியபோது, கலவரமில்லாத குரல் வேண்டும் என்று தேடி அவளைத்தான் கூப்பிட்டார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று எச்சரிக்கைகள். பதிவன்று பார்த்து அவளுக்குச் சளி பிடித்துத் தொலைத்தது. மூக்கடைத்த குரலிலேயே மூன்றையும் சொல்லி முடித்தாள். பக்கத்தில் நின்ற ஆராய்ச்சிக்கார மேடம் பொறுமையாக விளக்கம் சொன்னாள். காற்றில் ஈரம் ஏற ஏற வேர்வை காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்பு தன் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. "வேர்த்தா பயப்படாதீங்க. வேர்வை நின்னு போச்சு, குளிருதுன்னு யாராவது சொன்னா அப்பத்தான் பயப்படணும்" என்றாள். சிவப்பைப் பதிவு செய்யும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு நாள் எங்கே வரப்போகிறது என்றுதான் அப்போது நினைத்தார்கள்.

வந்தது. வந்து கூடாரம் அடித்துத் தங்கிவிட்டது. சிவப்பு என்று சொல்லிவிட்டால் வெளி வேலையை நிறுத்த வேண்டும், அன்றைய கூலியில் கை வைக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இருந்தது. போன வருடம் சிவப்பைக் கேட்டுக் கேட்டு மைக்கக்காவுக்கே தன் குரல் அலுத்துப்போயிற்று. கட்டடக்காரர்களும் சாலைக் குத்தகைக்காரர்களும் அமைச்சர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் எழுந்து வந்த பிறகு ஒரு வினோதம் நடந்தது. வெயில் கூடிக்கொண்டே போனது, சிவப்பு குறைந்துகொண்டே போனது. இந்த வருடம் ஒரு முறைகூட வரவில்லை.

அவள் கடை வாசலுக்கு வந்து பார்த்தாள். வானம் நீலமாக இல்லை, வெள்ளையாக இருந்தது. நிறுத்தியிருந்த காருக்கு அடியில் காக்கைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. ஆள் நெருங்கியும் ஒன்றுகூட நகரவில்லை. காட்சிப் பெட்டியில் வைத்திருந்த பிளாஸ்டிக் சட்டங்கள் காது பக்கம் வளைந்து, யாரோ முகம் கோணி நிற்பது போலத் தெரிந்தன. தெருவில் சத்தமே இல்லை. ஒலிபெருக்கி மட்டும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று சொல்லிக்கொண்டிருந்தது. குரலில் அந்த மூக்கடைப்பு இருந்தது. 'தண்ணீர்' என்பதற்கு முன்னால் அவள் எச்சில் விழுங்குகிற இடைவெளிகூட இருந்தது. சொன்னதை மறந்துவிட்டோமோ என்று ஒரு நொடி தன்மீதே சந்தேகம் வந்தது.

பிறகுதான் தம்பி நினைவு வந்தது. தம்பிக்கு மொட்டை மாடி வேலை. தாரைக் காய்ச்சி ஊற்றி, கசிவு தடுக்கும் தாள் ஒட்டுவான். அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. இவள்தான் வளர்த்தாள், இவள் குரல் கேட்காமல் தூங்க மாட்டான். மீசை முளைத்த பிறகும் அக்கா சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. அவள் போன் செய்தாள்.

"தம்பி, கீழ இறங்கு. வேலையப் போட்டுட்டு வா."

"ஏன்? இப்பத்தான தொடரலாம்னு சொன்ன?"

"அது நான் இல்லடா."

"நல்லா இருக்கு கதை! அந்த மூக்கடைப்பு வேற யாருக்கு வரும்?" அவன் சிரித்தான். "சிவப்பு வராம இறங்கினா மேஸ்திரி அரை நாள் கூலிய வெட்டிருவான்க்கா. ஒரு பக்கம் முடிஞ்சிருச்சு. இன்னொரு பக்கம் ஒட்டிட்டு வந்துடறேன்."

"வேர்க்குதாடா?"

"குளிச்ச மாதிரி ஊத்துது. போதுமா?"

போதும் என்றுதான் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சிவப்பு வந்தால்தான் இறங்குவான். சிவப்பைச் சொல்லவேண்டியவர்கள் இருக்கிற அலுவலகம் அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. முதலாளியிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. காற்று நகரவே இல்லை, மூச்சை இழுத்தால் வெந்நீர்ப் பானையைத் திறந்து முகத்தைக் காட்டின மாதிரி இருந்தது. எதிரில் வந்த ஒன்றிரண்டு பேரும் அவளைப் பார்த்துக் கை காட்டினார்கள். "இன்னைக்குப் பரவாயில்லையாமே அக்கா, நீங்களே சொல்லிட்டீங்க" என்று ஒருத்தி கைக்குழந்தையோடு கடந்து போனாள். "உள்ள போம்மா" என்று மைக்கக்கா சொன்னாள். நாக்கு வறண்டு குரல் கரகரத்தது. அந்தப் பெண் காதில் வாங்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

அலுவலகத்துக்குள் குளிரூட்டி நன்றாக ஓடியது. ஆராய்ச்சிக்கார மேடம் இல்லை, எப்போதோ மாற்றிவிட்டார்களாம். அந்த மேடத்தின் நாற்காலியில் இருந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. எழுந்து நின்று உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "உங்க குரல்லதான்மா ஜனங்களுக்கு நம்பிக்கை. வேற ஒருத்தரைப் போட்டுப் பாத்தோம், ஒருத்தரும் மதிக்கல. அதான் பழைய பதிவை வச்சு கம்ப்யூட்டருக்குப் பழக்கிட்டோம்" என்றார்.

"நான் சொல்லாததை நான் சொன்னதா போடறீங்களே சார். இது வழக்கமான வெயிலா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழக்கம்னா என்ன? ஒரு சராசரி. முன்ன பழைய வருஷங்களை வச்சு சராசரி எடுத்தோம். இப்ப மேலிடத்துல கடைசி பத்து வருஷத்தை மட்டும் வச்சுக்கச் சொல்லிட்டாங்க. பத்து வருஷமும் நெருப்பு. அதோட வச்சுப் பாத்தா இன்னைக்கு வழக்கம்தான். கணக்குல தப்பு இல்லம்மா." சொல்லிவிட்டு ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். "என் பையனை இன்னைக்கு நான் வெளிய அனுப்பல" என்றார் தணிந்த குரலில்.

மைக்கக்காவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எல்லாம் தெரிந்த ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் வெளியே நிற்பவனை யார் கூப்பிடுவது? "என் தம்பி மாடியில நிக்கறான் சார். சிவப்பு போடுங்க" என்றாள். அது தன் கையில் இல்லை, மேலே இரண்டு பேர் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்றார். கெஞ்சினாள். மழுப்பினார். கடைசியில், "இந்த ரூமுக்குள்ள மட்டுமாவது சொல்ல வைங்க. வெளிய கேக்க வேணாம்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் விசைப்பலகையில் தட்டினார். மேசைமேல் இருந்த சின்ன ஒலிபெருக்கி உயிர்பெற்றது. "பொதுமக்கள் கவனத்திற்கு. இது சிவப்பு எச்சரிக்கை. வெளி வேலைகளை உடனே நிறுத்துங்கள்." பக்கத்திலிருந்து கேட்டபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுடைய இளமைக் குரல், சளி பிடித்த குரல், ஆனால் உள்ளே ஒருத்தரும் இல்லை.

அவள் தம்பிக்குப் போன் போட்டு, அவன் எடுத்ததும் போனை அந்த ஒலிபெருக்கியின் முன்னால் நீட்டினாள். அது இரண்டு முறை சொல்லி முடித்தது. பிறகு காதில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சாடா? இறங்கு."

அவன் பேசினான். தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "என்னக்கா நீ... இங்க தொடருங்கற, போன்ல நிறுத்துங்கற..."

"தம்பி, உனக்கு வேர்க்குதா?"

"இல்லையே. அப்பவே நின்னு போச்சு. குளிருதுக்கா. சட்டையப் போட்டுக்கிட்டேன்."

"பக்கத்துல யாரு இருக்கா? யார்கிட்டயாவது போனைக் குடுடா."

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நீதான இருக்க. காலையிலருந்து பக்கத்துலயே உக்காந்து பேசிட்டே இருக்கியே" என்றான். போன் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது.

அதிகாரியின் முகத்தில் ஈ ஆடவில்லை. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் கட்டடத்தின் அடையாளத்தைச் சொன்னாள். ஆம்புலன்ஸுக்கு அவரே போன் செய்ய ஆரம்பித்தார், இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினார். மைக்கக்கா குடையை மறந்துவிட்டு ஓடினாள். இந்த வயதில் ஓடிப் பழக்கமில்லை. மேஸ்திரியைத் திட்டினாள், அமைச்சரைத் திட்டினாள், அன்றைக்குச் சளியோடு போய்ப் பேசிவிட்டு வந்த தன் வாயைத் திட்டினாள். அவன் பிழைத்துக் கிடந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

கட்டடம் பாதி கட்டி முடித்த நிலையில் நின்றது. ஜன்னல்களுக்கு இன்னும் சட்டம் வைக்கவில்லை. கீழே மணல் குவியலுக்குப் பின்னால் போட்டிருந்த தகரக் கொட்டகையில் நாலைந்து பேர் சுருண்டு படுத்திருந்தார்கள். மேஸ்திரி முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தான். "என் தம்பி எங்க?" என்று கேட்டாள். அவன் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் மேலே காட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வானத்தின் விளிம்பில், கைப்பிடிச் சுவரின்மேல், காலை வெளிப்பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். குளிரில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி!" என்று கத்தினாள். ஓடி வந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவன் கீழே பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்துக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பத்தில் ஒலிபெருக்கி கரகரத்து, அடுத்த அறிவிப்புக்குத் தயாரானது. "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று அது சொன்னதும், அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அறைக்குள் நுழைந்தால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "சொல்லுக்கா" என்றான்.

அவள் படியில் ஏறினாள். கைப்பிடி இல்லாத சிமெண்டுப் படிகள். சுவரைத் தொட்டால் கை சுட்டது, தொடாவிட்டால் தலை சுற்றியது. ஒவ்வொரு மாடியிலும் திறந்து கிடந்த ஜன்னல் ஓட்டைகள் வழியாக அவள் குரல் அவளுக்கு முன்னால் உள்ளே வந்து நின்றது. வெப்பம் வழக்கமான அளவில் உள்ளது என்றது. நெஞ்சு அடைத்தது. கடைசி மாடிக்கு முந்தைய திருப்பத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மேலே மொட்டை மாடி வாசலாக விரிந்த வெள்ளைச் சதுரத்தில் அவன் முதுகு தெரிந்தது. கூப்பிடும் தூரம்தான்.

"அக்கா" என்று அவன் கேட்டான். சின்னப் பையன் குரலில் கேட்டான். "வேல போதும்க்கா. வீட்டுக்குப் போலாமா?"

போலாம்டா, திரும்பிப் பாரு, இங்க இருக்கேன் என்று சொல்ல மைக்கக்கா வாயைத் திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது. வெளியே கம்பத்திலிருந்து, களைப்பே இல்லாத தெளிவான குரலில், மூக்கு லேசாக அடைத்திருக்க, அவளே அவனுக்குப் பதில் சொன்னாள்.

"தொடரலாம்."