ஆற்றுக்காரர்களின் கஞ்சி

மகளின் காய்ச்சல் இறங்க, ஆற்றுக்குள் வாழ்பவர்களுக்குப் படைக்கச் சொல்லி மனைவி கொடுத்த பேரீச்சங் கஞ்சியைப் படகோட்டி ஷாஸ்லி வழியிலேயே தின்றுவிட்டான். நைல் முழுக்க மீன் வைத்திருப்பவர்கள் ஒரு வேளை பட்டினி கிடக்கமாட்டார்களா என்பது அவன் நியாயம்.

ஃபிலே தீவில் பயணிகளை இறக்கிவிட்டு, ஐசிஸ் தேவியின் பழைய கோயில் தூண் நிழலில் சாய்ந்தான். பக்கத்தில் கறுப்பு ஆடைக்காரி ஒருத்தி இருந்தாள். உச்சிவெயிலிலும் அவள் ஆடையிலிருந்து நீர் சொட்டியது.

"கஞ்சியில இனிப்பு சரியா இருந்துச்சா, அண்ணே?"

ஷாஸ்லி சட்டென்று எழுந்தான். "தப்புதான் தாயி. பிள்ளைய ஒண்ணும் பண்ணிடாத."

"தீனிமாடு. நாளைக்குக் கொண்டா. அதுவரைக்கும் அவள நான் பாத்துக்கறேன்."

வீட்டில் மகள் காய்ச்சல் விட்டு, ஈரத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தின?" என்று மனைவியைக் கேட்டான்.

"நானா? வாசல்லேருந்து தொட்டில் வரைக்கும் ஈரக்கால் தடம். நீங்கதான் வந்துட்டுப் போனீங்கன்னு நெனச்சேன்."