மன்னர் செத்து எழுந்த வரலாறு

ஒரு தேசத்தின் ஆன்மா, அதன் முதல் மன்னர் கடைசியாகச் சொன்ன சொல்லில் வாழ்கிறது. எங்கள் மன்னர் போர்க்களத்தில் செத்து விழுந்தார். பிறகு எழுந்து, "இருங்கள், வந்துவிடுகிறேன்" என்று மக்களிடம் சொல்லிவிட்டு நடந்து மறைந்தார். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நாணயத்தில்கூட இருக்கிறது. செத்தவர் எப்படி நடந்தார் என்று கேட்பவன் தேசத்துரோகி.

இதை நகர வாசல் வளைவில் செதுக்கும் நேரத்தில், அமைச்சர் போகிறபோக்கில் ஆதாரம் கேட்டுவைத்தார். மாட்டிக்கொண்டவர் வரலாற்றுப் பேராசிரியர். ஆதாரம் கிடைத்தால் வரலாற்றுக் கழகத் தலைவர் பதவி. இல்லாவிட்டால் அந்த நாற்காலி அவருடைய சகலைக்கு. அதற்குப் பதில் அவர் தூக்கில் தொங்கச் சம்மதிப்பார்.

பாடப்புத்தகம் அவர் நூலைப் பார்த்து எழுதியது. அவர் நூல், அவருடைய ஆசானைப் பார்த்து எழுதியது. ஆசான் ஒரு நாடகத்தைப் பார்த்து எழுதியிருந்தார். அதில் மன்னராக நடித்தவர் பேராசிரியரின் மாமனார். வீட்டு மாடியிலேயே இருக்கிறார். இன்றைக்கும் தேநீர்க் கோப்பையைச் செங்கோல் மாதிரிதான் பிடிப்பார்.

"மாமா, அந்த வசனத்த எந்தப் பழைய ஏட்டுல எடுத்தாங்க?"

"ஏடாவது ஒண்ணாவது. நான் செத்துக் கெடக்கேன் மாப்ள, திரை சிக்கிக்கிச்சு, எறங்கல. எனக்கோ அவசரம். எவ்வளவு நேரந்தான் அடக்குறது? எந்திரிச்சேன். ஜனம் பேந்தப் பேந்த முழிச்சுது. இருங்க, வந்துடறேன்னு சொல்லிட்டுப் பின்னால போய்ட்டேன்."

"திரும்பி வந்தீங்களா?"

"வர்றதுக்குள்ள கைதட்டி முடிச்சு வீட்டுக்குப் போய்ட்டாங்க."

பக்கத்தில் இருந்த பேராசிரியரின் மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். தேச விஷயத்தில் சிரிப்பென்ன என்று அவளைக் கடிந்துவிட்டு, பேராசிரியர் அறிக்கை எழுதினார்: 'களத்தில் வீழ்ந்து கிடந்தவரின் வாக்குமூலம்.' அமைச்சர் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

வளைவு திறக்கப்பட்டது. மாமனாரை மன்னர் வேடத்தில் மேடையேற்றி, பக்கத்திலேயே கழகத்தின் புதிய தலைவரான பேராசிரியர் அமர்ந்தார். அமைச்சரின் உரை போய்க்கொண்டே இருந்தது. நெளிந்து பார்த்த மாமனார் சட்டென எழுந்து, "இருங்க, வந்துடறேன்" என்றார். கூட்டம் மொத்தமும் எழுந்து கண்ணீர் விட்டது. சகலைகூட எழுந்தார். படம் பிடிப்பவர்கள் முண்டியடித்து வர, தலைவர் மாமனாரின் கையை விடவே இல்லை.

அந்தப் படம்தான் புதிய பாடப்புத்தகத்தின் அட்டை. மன்னரின் கால்சட்டை நனைந்திருந்ததால், இடுப்புக்கு மேல் மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள்.