மூன்றாம் உபசாரம்

டுவேன் ட்வெட்டனின் குடல்வாலில் தொடங்கிய கட்டி வயிறு முழுக்கக் கூழைப் பரப்பிக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேன் சொன்ன அன்று மாலையே, அவர் வீட்டு வாசலுக்குப் பாத்திரம் பாத்திரமாக ஜெல்லி வந்து சேர்ந்தது. பச்சை ஜெல்லி, உள்ளே துருவிய கேரட். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் யாருக்கு என்ன வியாதி வந்தாலும் ஜெல்லிதான் கொடுப்பார்கள். வயிற்றுக்குள்ளேயே ஜெல்லி கட்டிப்போனவருக்கும் அதேதான், பாகுபாடு கிடையாது.

டுவேனின் மனைவி ஆர்லிஸ் ஒவ்வொரு பாத்திரத்தையும் "ஐயோ, இதெல்லாம் எதுக்கு" என்று இரண்டு முறை தள்ளிவிட்டு, மூன்றாம் முறை நீட்டியபோது வாங்கி வைத்தாள். அந்த ஊரில் நீட்டியவுடனே வாங்குகிறவன் பறக்காவெட்டி. இரண்டாம் முறை வாங்குகிறவனை வளர்த்தவர்கள் சரியில்லை. மூன்றாம் முறை, "சரி, உங்களுக்குச் சிரமமில்லைன்னா" என்று இழுத்தபடி கை நீட்டுகிறவன்தான் மனிதன்.

பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருகிற புற்றுநோய் இது. ஊரிலிருப்பதோ ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆனாலும் அத்தனை பேரும் இந்த வியாதியில் கரை கண்டவர்களாக இருந்தார்கள். டுவேனின் தங்கை பெவ் பளபளக்கும் விளம்பரத் தாள்களோடு வந்து சமையலறை மேசையில் கடை விரித்தாள். புற்றுநோய் ஆஸ்பத்திரி தேடுகிறோமா, தேனிலவுக்கு விடுதி பார்க்கிறோமா என்று ஆர்லிஸுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இதப் பாரு ஆர்லிஸ், இங்க உள்ள நுழைஞ்சதுமே ஒருத்தர் யாழ் வாசிக்கிறாராம்."

"ஆபரேஷன் யாரு பண்றாங்க?"

"அது போடல. ஆனா தலையணை எல்லாம் வாத்து இறகு. இந்த இன்னொண்ணுல கார் நிறுத்துறது இலவசம்."

"திரும்பி வர்றதுக்கு ஆள் இல்லாட்டி கார் அங்கயே நிக்கட்டும்னு இலவசமா விட்டிருப்பாங்க."

பெவ் முகம் சுருங்கியது. மூன்றாவது தாளை நகர்த்தினாள். அதில் மொட்டைத்தலைப் பெண் ஒருத்தி, லாட்டரி விழுந்தவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லிஸ் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் எத்தனை கூச்சல் கேட்டாலும் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காத பழக்கம் அவளுக்கு உண்டு. பெவ் போனதும் தொலைபேசியை எடுத்து ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டாள். ஒரே கேள்விதான் கேட்டாள்: "இந்த வியாதிக்கு நீங்க கடைசியா எப்ப ஆபரேஷன் பண்ணீங்க?"

யாழ் ஆஸ்பத்திரியில், எங்களிடம் ஒவ்வொரு நோயாளியும் ஒரு தனிப் பயணம் என்றார்கள். வாத்து இறகுக்காரர்கள் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். கடைசியில், தெற்கே ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போக வேண்டிய நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கொட்டாவியோடு பதில் சொன்னாள்.

"நேத்து ஒண்ணு. நாளைக்கு ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் யாரும் வயித்தத் திறக்கலையே?"

"இல்ல. வர்ற செவ்வாய்க்கிழமை, இங்க உள்ளூர்ல."

"திறக்க விடாதீங்கம்மா. இதுல முதல் ஆபரேஷன்தான் எல்லாம். பழக்கமில்லாத கை பட்டுட்டா அப்புறம் எங்களாலயே முடியாமப் போகலாம். உங்க டாக்டர எங்களுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, அது போதும்."

அந்த ஒரு போன்தான் முடியாத காரியம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் புதிதாக எழும்பிய புற்றுநோய்ப் பிரிவு, தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஞாயிறுதோறும் டுவேன் நின்று பான்கேக் சுட்டு விற்ற காசில் எழுந்தது. வாசல் செங்கல் ஒன்றில் அவர் பெயரே பொறித்திருக்கிறது. கத்தி பிடிக்கப் போகிறவரோ லோரன் ஹாக்ஸ்டாட். பித்தப்பை, குடலிறக்கம், டிராக்டரில் சிக்கிய விரல் என்று எது வந்தாலும் கைராசிக்காரர். குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் ஒரே கொட்டகைக்குள் டுவேனோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரும் அவர்தான். சிநேகிதன் மனம் நோகாமலிருக்கச் செத்தே போய்விடலாம் என்று டுவேன் முடிவு செய்துவிட்டார். அந்தப் பக்கத்தில் இதற்குப் பெயர் நல்ல குணம்.

"லோரன் மனசு என்ன பாடுபடும்? அந்தச் செங்கல்ல என் பேரு இருக்கு ஆர்லிஸ்."

"அடுத்த கல்லுலயும் உன் பேருதான் இருக்கப்போகுது. ரெண்டு தேதியோட."

டுவேன் ஜெல்லியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். "அவனும் சும்மா இல்ல. பெரிய ஆஸ்பத்திரி எதுக்காவது போறியான்னு கேக்கத்தான் செஞ்சான்."

"நீ என்ன சொன்ன?"

"வேணாம்னேன்."

"எத்தன தடவ கேட்டான்?"

"ஒரு தடவ."

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபத்தில் காது மடல் சுட்டது. "ஒரு தடவ கேட்டதுக்கு நீ சொன்னது பதிலே இல்லையே டுவேன். மரியாதைக்குச் சொன்னது. அதையா அவன் எடுத்துக்கிட்டான்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லோரன் காபிக்கு வந்தார். எலுமிச்சைக் கேக்கை இரண்டு முறை மறுத்துவிட்டுச் சாப்பிட்டார். பனியைப் பற்றிப் பேசினார்கள். கூரையில் சேர்ந்த பனியைப் பற்றிப் பேசினார்கள். அதை வாரித் தள்ளும் இயந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை யார் வயிற்றை யார் திறக்கப் போகிறார் என்ற அற்ப விஷயத்தை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. ஆர்லிஸ் காத்திருந்தாள். அந்த ஊரில் முக்கியமான எதையும் உட்கார்ந்து பேச மாட்டார்கள், கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் வாய் திறக்கும்.

"சரி, அப்போ" என்று லோரன் தொடையில் தட்டி எழுந்தார். சமையலறை வாசலில் கொஞ்ச நேரம், கோட்டு மாட்டும் இடத்தில் கொஞ்ச நேரம். அவர் கை கதவுக்குப் போனதும் ஆர்லிஸ் அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றுகொண்டாள்.

"லோரன், வேற ஆஸ்பத்திரிக்குப் போறியான்னு இவன்கிட்ட ஒரு தடவ கேட்டியாமே?"

"கேட்டேன். வேணாம்னுட்டான்."

"ஏன் மறுபடி கேக்கல?"

லோரன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டாவது தடவ கேட்டா தொரத்தி விடற மாதிரி இருக்குமேன்னு பாத்தேன். அந்தக் கட்டடமே இவன் சுட்ட பான்கேக்ல நிக்குது."

"இப்பக் கேளு."

லோரன் தொண்டையைச் செருமினார். "டுவேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறியாப்பா?"

"அட, இருக்கட்டும். உனக்கு எதுக்கு சிரமம்."

ஆர்லிஸ் கதவை விட்டு நகரவில்லை. லோரன் அவளைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"இந்த வியாதிய நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன். காலேஜ்ல. அதுவும் புஸ்தகத்துப் படத்துல. உன் ஸ்கேனப் பாத்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே கிடையாது. டுவேன், போய்டுப்பா. கெஞ்சிக் கேக்கறேன்."

டுவேன் தன் காலணியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி. உனக்குச் சிரமமில்லைன்னா."

தெற்கத்தி ஆஸ்பத்திரியில் யாழ் இல்லை. கார் நிறுத்தக் காசு பிடுங்கினார்கள், காபி பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் காத்திருந்த அறையில், இதே வியாதிக்காரர்கள் இன்னும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் தன்னைப்போல் ஒருவரைக்கூடக் காணாத டுவேன், அவர்களை ஏதோ உறவினர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் மிரியம் ஸில்பர் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர். வணக்கம் சொல்லும்போதே ஸ்கேனையும் பார்த்து முடித்துவிட்டார்.

"நாள் முழுக்க ஆகுற ஆபரேஷன். இருக்கற கட்டிய எல்லாம் எடுத்துட்டு, சூடான மருந்த உள்ள ஊத்திக் கழுவுவோம். லேசுப்பட்டதில்ல. ஆனா இதுவரைக்கும் யாரும் கை வைக்கல, அதனால நல்ல வாய்ப்பு இருக்கு. வியாழக்கிழமை ஒரு இடம் காலியாயிருக்கு. வேணுமா?"

டுவேனின் முகத்தில் அந்தப் பாழாய்ப்போன நல்ல குணம் மலர்ந்தது. "ஐயோ, பரவால்லங்க. வேற யாருக்காவது அவசரம்னா அவங்களுக்கே..."

"சரி" என்று டாக்டர் கணினிப் பக்கம் திரும்பினார். இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் அவர் ஊரில் கிடையாது.

"வேணும்" என்றாள் ஆர்லிஸ்.

அறுபத்தெட்டு வயதில், ஒரு குவளைக் காபியைக்கூட அவள் முதல் தடவையிலேயே வாங்கியதில்லை. வெட்கத்தில் கழுத்துவரை சிவந்துபோனாள். ஆனாலும் யாருக்காகவும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. அவளுக்கு இந்த மனிதர் வேண்டும், இன்னும் பல குளிர்காலங்களுக்கு வேண்டும்.

"எங்களுக்கு வேணும். எழுதிக்கோங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். டுவேன் மனைவியை வாயைப் பிளந்து பார்த்தார். அப்புறம் மேசைக்கடியில் அவள் கையைத் தேடிப் பிடித்து, இறுக்கி, காதோரம் குனிந்தார்.

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாத."