ஒன்பது மார்க்

மனசை அளக்க இருபத்திரண்டு கேள்வியாம். முப்பத்துமூன்று மார்க் வாங்கினால்தான் ஆஸ்பத்திரியில் கட்டில். என் அக்கா அஞ்சம்மாள் வாங்கியது ஒன்பது.

சுனாமி அவள் வீட்டுக்காரரையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகிறது. நாகப்பட்டினத்திலிருந்து அவளைக் கன்னட நாட்டுப் பொம்மனஹள்ளிக்குக் கூட்டிவந்தவள் நான். எனக்குக் கார்மென்ட்ஸில் தையல் வேலை. போன வாரம் இரண்டு தடவை ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவளை அக்கம்பக்கத்தார் இழுத்துவந்து விட்டார்கள். வேலைக்குப் போனால் அக்கா இருக்கமாட்டாள், போகாவிட்டால் வேலை இருக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். உடன்பிறந்தவளை மாடு மாதிரி அடைத்துவைத்த பாவி நான். இன்றைக்குக் கட்டில் கிடைக்காவிட்டால் நாளைக்கும் அந்தப் பூட்டுதான்.

கேள்வி கேட்ட நர்ஸ் பிரிஜெட் சிஸ்டர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரி, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. நல்ல பெண்தான், ஆனால் தாளிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள்.

"தூக்கத்துல கெட்ட கனவு வருதாம்மா?"

"ஒண்ணுமில்ல."

"மனசுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

ஒவ்வொரு 'ஒண்ணுமில்ல'வுக்கும் ஒரு சைபர். கட்டினவனையும் பெற்றதுகளையும் கடலுக்குக் கொடுத்தவள் வேறென்ன சொல்லுவாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏரிக்குள்ள இறங்கினாளே, அத எழுதுங்க சிஸ்டர்."

"கூட வந்தவங்க சொல்றத எழுதக்கூடாதும்மா. அவங்க வாயால சொல்லணும்." அக்காவிடம் திரும்பினாள். "ஏரிக்கு எதுக்குப் போனீங்க?"

"கால் கழுவ."

பசியில்லை, தூக்கமில்லை என்பதில் தேறியது ஒன்பது. பிரிஜெட் கூட்டிக் கோடு போட்டாள். "ஸ்வல்ப, கொஞ்சம் பொறுத்துக்குங்க. அடுத்த வியாழக்கிழமை வாங்க."

"வியாழக்கிழமை வரைக்கும் இவ இருக்கணுமே சிஸ்டர்."

அக்கா எழுந்தாள். பிரிஜெட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். "நான் போறேம்மா."

பிரிஜெட்டின் பேனா நின்றது. அவளும் தமிழச்சிதானே. எந்த வீட்டுப் படி இறங்கினாலும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்லுவோம். 'போறேன்' என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள்.

"போயிட்டு வரேன்னு சொல்லுங்கக்கா," என்றாள். இது தாளில் இல்லாத கேள்வி.

அக்கா வாசலைப் பார்த்து நடந்தாள்.

"சொல்லுக்கா," என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"மாட்டேன். அன்னைக்குக் காலைல மூணு பேரும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போனாங்க. சின்னவன் பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்து சொன்னான், வரேம்மான்னு. வந்தானா? என்னால பொய் சொல்ல முடியாது. நான் போறேன்."

மூன்று மாதத்தில் அவள் இத்தனை வார்த்தை பேசியதில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிரிஜெட் தாளைத் திருப்பிப் போட்டாள். வெற்றுப் பக்கத்தில் அக்கா சொன்னதை அப்படியே எழுதினாள்.

"டாக்டருக்குத் தமிழ் வராதே," என்றேன். "மார்க்கைத்தானே பார்ப்பாரு?"

"கன்னடத்துலயும் போயிட்டு வரேன்னுதான் சொல்லுவாங்க. அவருக்குப் புரியும். புரியணும்." எழுந்தாள். "இங்கயே இருங்க. நான் டாக்டர்கிட்ட போயிட்டு..."

மீதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அக்காவின் முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.